ஃபிஸ்டுலா ஊசியும் மெய்நிகர் உலகமும்: வலி குறைந்தால் வேறு என்ன மாற வேண்டும்?

வாரம் மூன்று முறை டயாலிசிஸ் செய்துகொள்பவரின் கையில் ஆண்டுக்கு 312 ஊசிகள் ஏறுகின்றன. ஒவ்வொரு முறையும் இரண்டு: ரத்தத்தை இயந்திரத்துக்கு எடுக்க ஒன்று, சுத்திகரித்த ரத்தத்தை உடலுக்குள் திருப்பி அனுப்ப இன்னொன்று. செலவுக்கு வழியில்லாமல் வாரம் இரண்டு முறையோடு நிறுத்திக்கொள்பவர்கள் இந்தியாவில் ஏராளம். அவர்களுக்கும் 208. பரிசோதனைக்கு ரத்தம் எடுக்கும் ஊசி சுமார் 0.8 மில்லிமீட்டர் தடிமன் இருக்கும். டயாலிசிஸில் பரவலாகப் பயன்படும் 15 கேஜ் ஊசி ஏறக்குறைய 1.8 மில்லிமீட்டர். நிமிடத்துக்கு 300 மில்லிலிட்டர் அளவுக்கு ரத்தம் ஓட வேண்டும் என்பதால் அந்தத் தடிமன் தேவைப்படுகிறது.

இந்த ஊசி ஏறும் சில நிமிடங்களுக்கு நோயாளியின் கண்களில் மெய்நிகர் கருவியை மாட்டிவிட்டு, கடற்கரையையோ காட்டையோ ஒரு விளையாட்டையோ காட்டினால் வலி குறையுமா என்று பல நாடுகளில் ஆய்வு செய்திருக்கிறார்கள். குறைகிறது என்பதே பெரும்பாலான ஆய்வுகளின் பதில். அந்தப் பதிலுக்கு எவ்வளவு மதிப்புக் கொடுக்கலாம், அது எந்த நோயாளிக்கு உதவும், வலி மதிப்பெண் குறைந்ததோடு நோக்கம் நிறைவேறிவிடுகிறதா ஆகிய கேள்விகளை இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது. இவற்றில் மூன்றாவது கேள்வியையே முதன்மையானதாக நான் கருதுகிறேன். ஆய்வுகளில் மிகக் குறைவாகக் கவனம் பெற்றிருப்பதும் அதுதான்.

ஊசி எப்படி வந்து சேர்ந்தது

தொடர் டயாலிசிஸ் தொடங்கிய காலத்தில் இந்த ஊசி இல்லை. அதுவரை ஒவ்வொரு முறை டயாலிசிஸ் செய்யும்போதும் ஒரு ரத்தக் குழாய் பாழானது. அதனால் தற்காலிகமாகச் சிறுநீரகம் செயலிழந்தவர்களைக் காப்பாற்ற முடிந்ததே தவிர, நிரந்தரமாக இழந்தவர்களுக்கு வழியில்லாமல் இருந்தது. 1960 மார்ச்சில் அமெரிக்காவின் சியாட்டில் நகரில், வாஷிங்டன் பல்கலைக்கழக மருத்துவர் பெல்டிங் ஸ்கிரிப்னரின் குழு, கிளைடு ஷீல்ட்ஸ் என்ற நோயாளியின் முன்கையில் இரண்டு டெஃப்லான் குழாய்களைப் பொருத்தியது. ஒன்று தமனியில், மற்றது சிரையில். தோலுக்கு வெளியே இரண்டையும் ஒரு வளைந்த குழாய் இணைத்தது. டயாலிசிஸ் நேரத்தில் அந்த இணைப்பைக் கழற்றி இயந்திரத்தில் மாட்டினால் போதும். குத்த வேண்டியதே இல்லை. ஷீல்ட்ஸ் அதன்பின் 11 ஆண்டுகள் வாழ்ந்தார்.

ஆனால் வெளியே தொங்கும் குழாயில் ரத்தம் உறைந்தது, கிருமி தொற்றியது, இணைப்பு கழன்றால் உயிருக்கே ஆபத்து. இதற்கு மாற்று நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் இருந்த முன்னாள் படைவீரர் மருத்துவமனையிலிருந்து வந்தது. ஜேம்ஸ் சிமினோ, மைக்கேல் பிரெசியா ஆகியோரும் அறுவை மருத்துவர் கென்னத் அப்பெலும் மணிக்கட்டருகே தமனியையும் சிரையையும் தோலுக்கு அடியிலேயே இணைத்தார்கள். 1966இல் அந்த முறை வெளியானது. தமனியின் அழுத்தம் பாய்வதால் சிரை சில வாரங்களில் தடித்துப் பருக்கிறது. அதன்மேல் விரலை வைத்தால் பூனை உறுமுவது போன்ற அதிர்வு தெரியும். ஃபிஸ்டுலா எனப்படும் இதில் தொற்றும் அடைப்பும் குறைவு, பல ஆண்டுகள் உழைக்கும். ஆனால் ஒவ்வொரு முறையும் தோலைத் துளைத்தே உள்ளே போக வேண்டும்.

ஆக, ஊசி வலி பாதுகாப்பான வழிக்கு நோயாளி கொடுக்கும் விலை. இன்றும் நிலைமை அதுதான். கழுத்தின் வழியே பொருத்தும் கதீட்டரில் ஊசி இல்லை, ஆனால் ரத்தத்தில் கிருமி பரவும் அபாயம் அதிகம். ஊசிக்குப் பயந்து ஃபிஸ்டுலா வேண்டாம் என்று கதீட்டரோடு காலம் தள்ளுபவர்கள் எல்லா நாடுகளிலும் உண்டு. அந்த வகையில் வலியும் பயமும் ஒருவரின் ஆயுளைப் பாதிக்கும் முடிவில் பங்கெடுக்கின்றன. "ஊசிதானே, பொறுத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போவது இதனால்தான் மருத்துவரீதியாகவும் தவறு.

சியாட்டிலில் சேர்ந்த மூன்று வேலைகள்

ஸ்கிரிப்னர் குழாயைப் பொருத்திய அதே 1960இல் அதே வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் மயக்க மருந்தியல் துறைக்குத் தலைவராக வந்து சேர்ந்தவர் ஜான் பொனிகா. வலியை நோயின் அறிகுறியாக மட்டும் பார்க்காமல் தனியே ஆராய வேண்டிய பொருளாக்கியதில் இவர் பங்கு பெரிது. பல துறையினர் சேர்ந்து வலிக்குச் சிகிச்சை அளிக்கும் மையத்தை அங்கே வளர்த்தெடுத்தார். 1973இல் பன்னாட்டு வலி ஆய்வுச் சங்கம் உருவாகவும் இவரே முன்னின்றார். அச்சங்கம் 1979இல் வெளியிட்டு 2020இல் திருத்திய வரையறை, வலியைப் புலனுணர்வும் மனவுணர்வும் சேர்ந்த அனுபவமாகப் பார்க்கிறது. மெய்நிகர் கருவி வேலை செய்வதற்கான இடம் அந்த இரண்டாவது பாதியில்தான் இருக்கிறது.

மூன்றாவது வேலை 1990களில் தொடங்கியது. அப்பல்கலைக்கழகத்தின் மனித இடைமுகத் தொழில்நுட்ப ஆய்வகத்தில் இருந்த ஹன்டர் ஹாஃப்மன், தீக்காய நோயாளிகளோடு பணியாற்றிய உளவியலாளர் டேவிட் பேட்டர்சனுடன் சேர்ந்தார். தீக்காயத்துக்குக் கட்டு மாற்றும்போது ஏற்படும் வலி, ஓபியாய்டு மருந்து கொடுத்த பிறகும் தாங்க முடியாதது. கையில் இருந்ததோ சிலந்திப் பயத்தைப் போக்க உருவாக்கிய ஒரு மெய்நிகர் சமையலறை. அதை இரண்டு வளரிளம் நோயாளிகளுக்குக் காட்டி, சாதாரண வீடியோ விளையாட்டோடு ஒப்பிட்டு, 2000இல் 'பெயின்' இதழில் முடிவை வெளியிட்டார்கள். பிறகு தீக்காயத்துக்கென்றே 'ஸ்னோவேர்ல்டு' என்ற பனி உலகம் உருவானது. நோயாளி பனிப் பள்ளத்தாக்கு ஒன்றில் மிதந்தபடியே பனிமனிதர்கள் மீதும் பெங்குவின்கள் மீதும் பனி உருண்டைகளை எறிவார். தீயின் நினைவுக்கு நேர் எதிராகக் குளிரைத் தேர்ந்தெடுத்ததில் ஆழ்ந்த யோசனை இருக்கிறது.

டயாலிசிஸ் ஊசிக்கு மெய்நிகர் கருவி வந்த வழி இது. மருத்துவமனையில் வலிக்கான மெய்நிகர் சிகிச்சை என்று இன்று நடப்பவை பலவும் இந்தத் தீக்காயப் பணியின் வழிவந்தவை. இதை மனத்தில் வைப்பது அவசியம். தீக்காயக் கட்டு மாற்றுவது கொடிய வலி, ஆனால் சில வாரங்களிலோ மாதங்களிலோ முடியும். ஃபிஸ்டுலா ஊசியின் வலி அதைவிடச் சிறியது, ஆனால் சிறுநீரக மாற்று கிடைக்காதவரை முடிவே இல்லாதது. முதல் வகைக்கு உருவான கருவியை இரண்டாவது வகைக்கு எடுத்து வரும்போது எதெல்லாம் கூடவே வரும், எது வராது என்பதைத் தனியே சோதிக்க வேண்டும்.

கவனம் திரும்பினால் வலி குறைவது ஏன்?

1965இல் ரொனால்டு மெல்சாக்கும் பேட்ரிக் வாலும் 'சயன்ஸ்' இதழில் முன்வைத்த வாயில் கோட்பாடு, காயத்திலிருந்து கிளம்பும் செய்தி மூளைக்கு அப்படியே போய்ச் சேர்வதில்லை என்றது. தண்டுவடத்தில் அதைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு வாயில் இருக்கிறது, மூளையும் மேலிருந்து அதை இயக்குகிறது என்பது அதன் சாரம். கோட்பாட்டின் நரம்பியல் விவரங்கள் பலவும் பின்னர் திருத்தப்பட்டன. ஆனாலும் கவனம், பயம், எதிர்பார்ப்பு ஆகியவை வலியின் அளவையே மாற்றும் என்ற கருத்து நிலைத்துவிட்டது. மெய்நிகர் கருவிக்குச் சொல்லப்படும் விளக்கமும் இதை ஒட்டியதே. மனத்தின் கவனம் ஓர் எல்லைக்குட்பட்டது. கண், காது, தலையசைவு எல்லாவற்றையும் வேறோர் உலகம் எடுத்துக்கொண்டால் ஊசிக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான்.

இதற்கு ஆதரவாக அடிக்கடி எடுத்துக்காட்டப்படுவது ஹாஃப்மன் குழு 2004இல் வெளியிட்ட மூளைப் படப்பிடிப்பு ஆய்வு. எட்டு நலமான தன்னார்வலர்களின் பாதத்தில் சூட்டு வலி கொடுத்துவிட்டு, மெய்நிகர் உலகத்தைக் காட்டியும் காட்டாமலும் மூளையைப் படமெடுத்தார்கள். வலியோடு தொடர்புடைய ஐந்து பகுதிகளின் செயல்பாடு தெளிவாகக் குறைந்தது. அந்த ஆய்வு முக்கியமானதே. ஆனால் எட்டுப் பேரிடம், நோயற்ற உடலில், சூட்டில் கண்டதை, நீரிழிவால் நரம்பு சிதைந்த ஒருவரின் கையில் பருத்த ஊசி ஏறுவதற்கு நேராகப் பொருத்திவிட முடியாது.

இந்தக் கோட்பாட்டில் கவனம் பெறாத ஒரு பக்கமும் உண்டு. மனித இயல்பு ஒன்றுபோல் இருப்பதில்லை. உளவியலாளர் சூசன் மில்லர், ஆபத்து நெருங்கும்போது விவரம் தேடிக் கூர்ந்து பார்ப்பவர்கள், பார்வையைத் திருப்பிக்கொள்பவர்கள் என்று இரு போக்குகளை 1980களில் வேறுபடுத்திக் காட்டினார். டயாலிசிஸ் கூடத்தில் இதைக் கண்கூடாகப் பார்க்கலாம். ஊசியைக் கையில் எடுத்ததுமே சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்பவரும், ஊசியின் முனை எங்கே போகிறது என்று கண் இமைக்காமல் பார்ப்பவரும் அடுத்தடுத்த படுக்கையில் இருப்பார்கள். முதலாமவருக்கு மெய்நிகர் கருவி பெரிய துணை. இரண்டாமவருக்கோ அது கண்ணைக் கட்டிவிட்டுக் குத்துவதாகத் தோன்றலாம். சராசரி மதிப்பெண் இந்த இருவரையும் கலந்து ஒரே எண்ணாக்கிவிடுகிறது.

ஆய்வுகளை எடைபோட்டால்

ஃபிஸ்டுலா ஊசிக்கு மெய்நிகர் கருவியைச் சோதித்த ஆய்வுகள் துருக்கி, ஈரான் உள்ளிட்ட நாடுகளிலிருந்து வந்திருக்கின்றன. பெரும்பாலும் செவிலியத் துறையினர் நடத்தியவை. நோயாளியின் அருகில் தினமும் நிற்பவர்கள் இந்த வலியை ஆய்வுக்குரியதாக எடுத்துக்கொண்டது மதிக்கத்தக்க செயல். முடிவுகள் பொதுவாக ஒரே திசையைக் காட்டுகின்றன: கருவி மாட்டியவர்கள் குறைந்த வலியைச் சொல்கிறார்கள், சில ஆய்வுகளில் பதற்றமும் குறைகிறது.

திசை ஒன்றுபோல் இருப்பதாலேயே சான்று வலுவானது என்றாகிவிடாது. முதல் சிக்கல், மெய்நிகர் என்ற ஒரே பெயரில் இருவேறு பொருள்கள் உலவுவது. கைபேசியைச் செருகிய மலிவான கண்ணாடியில் இயற்கைக் காட்சி பார்ப்பது ஒன்று. தலையைத் திருப்பினால் உலகமே திரும்பும், நோக்கினால் பொருள் நகரும், செய்தால் பதில் வரும் என்ற ஊடாட்ட உலகம் இன்னொன்று. ஹாஃப்மன் குழுவே 2006இல், பார்வைக்கோணம் அகன்ற கருவி குறுகிய கருவியைவிட அதிகமாக வலியைக் குறைப்பதைக் காட்டியிருக்கிறது. எனவே சாதாரணக் கண்ணாடியில் கிடைத்த முடிவை உயர்தரக் கருவிக்கோ, உயர்தரக் கருவியில் கிடைத்ததைச் சாதாரணக் கண்ணாடிக்கோ கொண்டுபோகக் கூடாது.

இரண்டாவது, யாரோடு ஒப்பிடுகிறார்கள் என்பது. பல ஆய்வுகளில் மறுபக்கம் நிற்பது 'வழக்கமான பராமரிப்பு'. அதாவது வலிக்கென்று எதுவும் செய்யாத நிலை. ஒருவரிடம் பத்து நிமிடம் செலவிட்டு, கருவியைப் பொருத்தி, "சரியாத் தெரியுதா?" என்று கேட்டு, பிறகு ஊசி போடுகிறார்கள். இன்னொருவருக்கு வழக்கம்போல் போடுகிறார்கள். இந்த வேறுபாட்டில் கருவியின் பங்கு எவ்வளவு, கூடுதலாகக் கிடைத்த அந்தப் பத்து நிமிட அக்கறையின் பங்கு எவ்வளவு? பிரிக்க வழியில்லை. கருவி மாட்டியிருப்பது நோயாளிக்கே தெரியும் என்பதால் மருந்து ஆய்வுகளில் செய்வதுபோல் மறைக்கவும் முடியாது. பிரென்னன் ஸ்பீகல் குழு லாஸ் ஏஞ்சலிஸில் 120 உள்நோயாளிகளிடம் நடத்தி 2019இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஓரளவு வழி காட்டியது. மறுபக்கத்தவருக்கு வெறுமையைக் கொடுக்காமல் தொலைக்காட்சியில் நலவாழ்வு நிகழ்ச்சிகளைக் கொடுத்தார்கள். அப்போதும் மெய்நிகர் பக்கம் வலி அதிகம் குறைந்தது, கடும் வலி இருந்தவர்களிடம் பலன் கூடுதலாக இருந்தது. ஆனால் அது படுக்கையில் கிடப்பவரின் பொதுவான வலியைப் பற்றியது. ஊசிக் குத்தைப் பற்றியதன்று.

மூன்றாவது, எண்ணின் பொருள். வலியை 100 மில்லிமீட்டர் கோட்டில் குறிக்கச் சொன்னால், நோயாளியே உணரக்கூடிய மிகச் சிறிய மாற்றம் ஏறக்குறைய 13 மில்லிமீட்டர் என்று அவசர சிகிச்சைப் பிரிவு ஆய்வுகள் கணித்தன. புள்ளியியல்படி உறுதியான வேறுபாடு அதைவிடச் சிறியதாகவும் இருக்கலாம். அட்டவணையில் நட்சத்திரக் குறி இருக்கும், கையில் வித்தியாசம் தெரியாது.

குழந்தைகளின் வலிக்கு மெய்நிகர் கருவியைப் பயன்படுத்திய ஆய்வுகளை 2020இல் காக்ரேன் அமைப்பு தொகுத்துப் பார்த்தது. 17 ஆய்வுகள், 1008 பங்கேற்பாளர்கள். பலன் இருக்கலாம், ஆனால் சான்றின் உறுதி குறைவு அல்லது மிகக் குறைவு என்பதே தீர்ப்பு. இவ்வளவு ஆய்வுகள் சேர்ந்த குழந்தைகள் துறையிலேயே நிலைமை இது என்றால், டயாலிசிஸில் இன்னும் நிதானமாகப் பேச வேண்டும்.

இவை எல்லாவற்றையும்விட எனக்குப் பெரிதாகப் படுவது காலம். சில அமர்வுகளில் முடியும் ஆய்வு, புதுமையின் பலனையும் சேர்த்தே அளக்கிறது. முதல் நாள் கடலுக்குள் திமிங்கிலம் நீந்தி வருவதைப் பார்க்கும் வியப்பு நாற்பதாவது நாள் இருக்காது. ஆண்டுக்கு 312 முறை வரும் வலிக்கு ஆறு முறை வேலை செய்த கருவி நூறாவது முறையும் வேலை செய்யும் என்பதை யாராவது காட்டியாக வேண்டும்.

"பழைய இடத்துலயே போடுங்க"

ஊசி போடும் காட்சியைக் கொஞ்சம் நெருங்கிப் பார்த்தால்தான் அடுத்த வாதம் புரியும். டெக்னீஷியன் முதலில் மூன்று விரல்களால் ஃபிஸ்டுலாவைத் தடவி அதிர்வைப் பார்க்கிறார், ஸ்டெத்தாஸ்கோப் வைத்து இரைச்சலைக் கேட்கிறார். மேலே பட்டையை இறுக்கிக் கட்டுகிறார். கிருமிநாசினி தடவிக் காயவிடுகிறார். ஊசியின் சரிந்த வாய் மேல்நோக்கி இருக்க, ஏறக்குறைய 25 பாகைச் சாய்வில் தோலைத் துளைக்கிறார். குழாயில் சட்டென்று ரத்தம் ஏறினால் சரியான இடம். உடனே சாய்வைக் குறைத்து, ஊசியை உள்ளே தள்ளி, சிறகுகளைப் பிளாஸ்திரியால் ஒட்டுகிறார். எல்லாம் சில நிமிடங்களுக்குள். அதற்கு முன்பே, ஸ்பிரிட் பஞ்சு கையில் பட்டதுமே, "சிஸ்டர், பழைய இடத்துலயே போடுங்க" என்ற வேண்டுகோள் வந்துவிடும்.

பழைய இடத்தில் வலி குறைவு என்பது நோயாளியின் கற்பனை இல்லை. திரும்பத் திரும்பக் குத்திய இடத்தில் தோல் தழும்பேறி மரத்துப்போகிறது. போடுபவருக்கும் அங்கே எளிது, குறி தப்பாது. இருவருக்கும் வசதியான இந்த ஏற்பாடு ஃபிஸ்டுலாவுக்கு மட்டும் தீங்கு. ஒரே பகுதியில் குத்திக்கொண்டே இருந்தால் குழாயின் சுவர் மெலிந்து பலூனாகப் பருக்கிறது, மேல்தோல் பளபளத்து மெலிகிறது, பக்கத்துப் பகுதி சுருங்குகிறது. முற்றினால் வெடித்து ரத்தப்போக்கு ஏற்பட்டு உயிரே போகலாம். இதனால்தான் ஊசியை ஏணிப்படி போல் முழு நீளத்துக்கும் மாற்றி மாற்றிப் போட வேண்டும் என்று வழிகாட்டிகள் சொல்கின்றன. அப்படி மாற்றினால் ஒவ்வொரு முறையும் உணர்வுள்ள புதுத் தோல். வலி அதிகம்.

இதற்கு மாற்றாகப் போலந்தைச் சேர்ந்த ஸ்பிக்னியெவ் த்வார்தோவ்ஸ்கி 1970களில் கொண்டுவந்த 'பட்டன்ஹோல்' முறை பெரிய நம்பிக்கையைத் தந்தது. அதே துளையில் அதே கோணத்தில் குத்திக் குத்தி ஒரு தழும்புப் பாதை உருவான பின், அதன் வழியே மழுங்கிய ஊசியைச் செலுத்துவது. வலி குறையும் என்று பலர் எழுதினார்கள். ஆனால் கனடாவில் 140 நோயாளிகளைச் சமவாய்ப்பு முறையில் பிரித்து நடத்தி 2012இல் வெளியான ஆய்வில் வலியில் வேறுபாடு தென்படவில்லை, தொற்றின் அபாயம்தான் கூடுதலாகத் தெரிந்தது. கேடோக்கி எனப்படும் அமெரிக்கச் சிறுநீரகச் சிகிச்சை வழிகாட்டியின் 2019 பதிப்பு அம்முறையைச் சிறப்புச் சூழல்களுக்கு மட்டும் ஒதுக்கியது. வலியைக் குறைக்கும் என்று அனைவரும் நம்பிய ஒரு முறை, கவனமாகச் சோதித்தபோது வேறுவிதமாக முடிந்த இந்தக் கதை மெய்நிகர் கருவி ஆய்வாளர்களுக்கு நேரான பாடம்.

ஆகவே டயாலிசிஸில் வலிக்கும் ஃபிஸ்டுலாவின் ஆயுளுக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது. நோயாளி வலிக்குப் பயந்து பழைய இடத்தைக் கேட்கிறார், கொடுக்கிறார்கள், குழாய் கெடுகிறது, மறுபடி அறுவைச் சிகிச்சை அல்லது கழுத்தில் கதீட்டர். மெய்நிகர் கருவியின் உண்மையான பயன் இந்தச் சங்கிலியை அறுப்பதில் இருக்கலாம் என்பதே இக்கட்டுரையின் வாதம். புது இடத்தில் ஊசி ஏற்க ஒரு நோயாளி அதனால் சம்மதித்தார் என்றால், அந்த அமர்வின் வலி மதிப்பெண் முந்தைய அமர்வைவிடக் குறையாமல் போனாலும் அது வெற்றி. பழைய இடத்தில் வலி 3, கருவியோடு புது இடத்தில் வலி 3 என்றால் புள்ளிவிவர அட்டவணை பயனில்லை என்று சொல்லும். ஃபிஸ்டுலாவின் பக்கமிருந்து பார்த்தால் பெரும் லாபம்.

கருவி யாருக்குப் பொருந்தாது?

இந்தியாவிலும் வேறு பல நாடுகளிலும் சிறுநீரகம் செயலிழக்கப் பெரிய காரணம் நீரிழிவு. அதே நீரிழிவு விழித்திரையையும் கெடுக்கிறது. டயாலிசிஸ் படுக்கையில் இருப்பவர்களில் பார்வை மங்கியவர்களும் இழந்தவர்களும் கணிசமாக இருக்கிறார்கள். கண்ணை நம்பி உருவான சிகிச்சை இவர்களைத் தொடக்கத்திலேயே விட்டுவிடுகிறது. ஆய்வுகள் பார்வைக் குறைபாடு உள்ளவர்களைச் சேர்க்காமல் நடத்தப்பட்டால், அதன் முடிவு உண்மையான நோயாளிகளில் எத்தனை பேருக்குப் பொருந்தும் என்பது சந்தேகமே. ஒலியை மட்டும் கொண்ட மாற்று வடிவங்களைச் சிந்திக்காத திட்டம் எதையும் முழுமையானதாக ஏற்கக் கூடாது.

ஃபிஸ்டுலா கை அசையக் கூடாது. இரண்டு கையாலும் பிடித்து ஆடும் விளையாட்டு இங்கே உதவாது, பார்வையாலோ மறுகையாலோ மட்டும் இயங்குவதாக இருக்க வேண்டும். சிலருக்கு மெய்நிகர் காட்சியே குமட்டலைத் தரும். டயாலிசிஸில் ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கும்போது தெரியும் முதல் அறிகுறிகளிலும் குமட்டல் ஒன்று என்பதால், இரண்டையும் குழப்பிக்கொள்ளும் ஆபத்து உண்டு. எனவே ஊசி ஏறியதும் கருவியைக் கழற்றிவிடுவதே நல்லது. ஹெபடைட்டிஸ் பி, சி தொற்று பரவாமல் இருக்கத் தனி இயந்திரம், தனி இடம் என்று கட்டுப்பாடு வைத்திருக்கும் கூடத்தில், ஒரே கருவியைப் பத்துப் பேர் முகத்தில் மாட்டுவதற்குத் துடைப்பு முறையும் மாற்று உறைகளும் வேண்டும். இவை சின்ன விஷயங்களாகத் தெரியலாம். பெரும்பாலான நல்ல திட்டங்கள் நின்றுபோவது இப்படிப்பட்ட இடங்களில்தான்.

இன்னொன்றைச் சற்று அழுத்திச் சொல்ல வேண்டும். ஊசி குழாயின் பின்சுவரைத் துளைத்து ரத்தம் சதைக்குள் கசியத் தொடங்கினால் முதலில் தெரிவது நோயாளிக்குத்தான். "எரியுது, சிஸ்டர்" என்ற இரண்டு சொற்கள் ஒரு பெரிய வீக்கத்தைத் தவிர்க்கின்றன. நோயாளியின் கவனம் அங்கே பாதுகாப்புக் கருவி. அந்தக் கவனத்தை முழுவதும் எடுத்துக்கொள்ளும் எதையும் பயன்படுத்தினால், போடுபவரின் கவனம் இரட்டிப்பாக வேண்டும். அனுபவமில்லாத கையை மறைக்க மெய்நிகர் கருவியைப் பயன்படுத்தினால் தீங்கே விளையும்.

களிம்பும் பனிக்கட்டியும்

விலை குறைந்த வழிகள் ஏற்கெனவே இருக்கின்றன. லிடோகெய்ன், பிரிலோகெய்ன் இரண்டும் தலா 2.5 விழுக்காடு கலந்த களிம்பைத் தடவி மேலே பிளாஸ்டிக் தாளால் மூடி ஏறக்குறைய 60 நிமிடம் விட்டால் தோல் மரத்துவிடும். அந்த ஒரு மணி நேரம்தான் சிக்கல். டயாலிசிஸ் மையத்துக்கு வந்த பிறகு தடவினால் தாமதம், வீட்டிலேயே தடவிக்கொண்டு பேருந்து ஏறச் சொல்லிக் கொடுக்க வேண்டும், எந்த இடத்தில் குத்தப்போகிறார்கள் என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்திருக்க வேண்டும். இடத்தை முன்கூட்டி முடிவு செய்வது ஏணிப்படி முறைக்கும் தேவையானதே. களிம்பு அதனால் வேறொரு ஒழுங்கையும் கூடவே கொண்டுவருகிறது.

அதைவிட மலிவு பனிக்கட்டி. புது தில்லி எய்ம்ஸில் 60 நோயாளிகளிடம் நடத்தி 2008இல் 'இந்தியன் ஜர்னல் ஆஃப் நெஃப்ராலஜி'யில் வெளியான ஆய்வில், ஊசி போடாத கையின் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடைப்பட்ட பகுதியில் பனிக்கட்டி வைத்துத் தேய்த்தார்கள். ஊசி வலி குறைந்ததாகப் பதிவானது. சிறிய ஆய்வு, நோயாளிக்குத் தெரியாமல் மறைக்க முடியாத ஆய்வு, மெய்நிகர் ஆய்வுகளுக்குச் சொன்ன குறைகள் இதற்கும் பொருந்தும். ஆனாலும் ஒரு கேள்வியை அது முன்வைக்கிறது: மறுகையில் பனிக்கட்டி வைப்பதைவிட மெய்நிகர் கருவி எவ்வளவு கூடுதலாக உதவுகிறது? இந்த நேர் ஒப்பீடு இல்லாமல், பொதுப் பணத்தில் கருவி வாங்கும் முடிவை நியாயப்படுத்த முடியாது. பிரதமரின் தேசிய டயாலிசிஸ் திட்டம் 2016இல் தொடங்கியபின் மாவட்ட மருத்துவமனைகள் வரை இயந்திரங்கள் வந்தன. அங்கே ஊசி போடும் கைக்கு நல்ல பயிற்சியும் ஒவ்வொரு படுக்கைக்கும் களிம்பும் கிடைப்பது என் பார்வையில் முதல் வரிசை. கருவி அதற்கு அடுத்தது.

அடுத்தது என்பதால் தேவையில்லை என்றாகாது. ஃபிஸ்டுலா பழகாத முதல் சில வாரங்களில் இருப்பவர்கள், குழந்தைகள், ஒரு முறை குறி தப்பிக் கை வீங்கிய பிறகு நடுங்கிக்கொண்டு வருபவர்கள், ஊசிப் பயத்தால் கதீட்டரை விட மறுப்பவர்கள் ஆகியோருக்குக் களிம்பு போதாது. தோலை மரக்கச் செய்யலாம், பயத்தை மரக்கச் செய்ய முடியாது. ஜேம்ஸ் ஹாமில்டன் 1995இல் ஊசிப் பயத்தைப் பற்றி எழுதியபோது அதைக் கவனிக்கப்படாத நோய் என்றே அழைத்தார். குறைந்தது பத்தில் ஒருவருக்கு அது இருக்கலாம் என்பது அவர் மதிப்பீடு. மெய்நிகர் கருவிக்கு வலுவான நியாயம் கிடைப்பது இந்த இடத்தில்தான்.

எதை அளக்க வேண்டும்?

அடுத்து வரும் ஆய்வுகள் குறைந்தது ஆறு மாதம் ஓட வேண்டும், அதாவது ஒருவருக்கு ஏறக்குறைய 150 ஊசிகள். மறுபக்கத்தில் வெறுமை வேண்டாம், களிம்போ பனிக்கட்டியோ இருக்க வேண்டும். கருவியைப் பொருத்தச் செலவிடும் நேரமளவுக்கு மறுபக்க நோயாளியிடமும் யாராவது உட்கார்ந்து பேச வேண்டும். பார்வை குறைந்தவர்களை விலக்காமல் ஒலி வடிவத்தோடு சேர்க்க வேண்டும்.

வலி மதிப்பெண்ணோடு வேறு சிலவற்றையும் குறிக்க வேண்டும். ஒவ்வொரு அமர்விலும் ஊசி ஏறிய இடத்தைக் கையின் வரைபடத்தில் புள்ளியிட்டால், இடம் மாறுகிறதா என்பது மாத இறுதியில் கண்ணுக்குத் தெரியும். இதற்கு ஒரு தாளும் பேனாவும் போதும். முதல் முயற்சியிலேயே ஊசி ஏறியதா, கசிவு நேர்ந்ததா, கதீட்டரிலிருந்து ஃபிஸ்டுலாவுக்கு மாறச் சம்மதித்தவர்கள் எத்தனை பேர், பயத்தால் அமர்வுக்கு வராமல் போனவர்கள் எத்தனை பேர் என்பவையும் அப்படியே. கருவி வேண்டுமா வேண்டாமா என்று ஒவ்வொரு அமர்விலும் நோயாளியே முடிவு செய்யட்டும், அந்த முடிவையும் பதிவு செய்யலாம். மூன்றாம் மாதத்தில் எத்தனை பேர் இன்னும் அதைக் கேட்டு வாங்குகிறார்கள், எத்தனை பேர் ஒதுக்கி வைத்துவிட்டார்கள் என்ற கணக்கு, ஒரு நாள் வலி மதிப்பெண்ணைவிட அதிகம் சொல்லும். ஒதுக்கி வைத்தவர்களிடம் காரணத்தைக் கேட்டு அவர்கள் சொன்ன சொற்களிலேயே எழுதி வைக்க வேண்டும்: பழகிவிட்டதா, தலை சுற்றுகிறதா, ஊசி போடுபவரின் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று தோன்றுகிறதா?